எக்ஸ்போவிலிருந்து தேக்காவுக்கு: ஜாலான் புசாரிலேயே இறங்கிடலாமா?

நெல்லைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் முதல் தடவையா சிங்கப்பூர் வாராங்க. நான் இருக்கது பொங்கோல்ல ஒரு வாடகை அறை, மூணு பேர் தங்க முடியாது. அதனால தேக்கா பக்கம், அதாவது லிட்டில் இந்தியா வட்டாரத்துல, டன்லப் தெருவுல ஒரு சின்ன ஹோட்டல் போட்டிருக்கேன். போன்ல தேடினா விமான நிலையத்துலேர்ந்து எக்ஸ்போ, அங்க மாறி டௌன்டவுன் லைன், அப்படியே லிட்டில் இந்தியான்னு காட்டுது. ஆபீஸ்ல ஒரு அண்ணன் "ஏன் சுத்துற, ஜாலான் புசார்ல இறங்கிடு"ன்னு சொல்றாரு. ரயில் வரைபடத்துல எண்ணிப் பார்த்தேன், ஜாலான் புசாருக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் நடுவுல ஒரு கூட்டமே இருக்கு. அவ்வளவு தூரம் நடக்க முடியுமா? அண்ணன் என்னைக் கிண்டல் பண்றாரான்னு தெரியல.

பொங்கோல் மாமா:
கிண்டல் இல்ல தம்பி, உங்க அண்ணன் சொன்னது சரி. டௌன்டவுன் லைன் முறுக்கு பிழிஞ்ச மாதிரி ஒரு சுத்து சுத்தி, தன் மேலேயே குறுக்கே போற பாதை. ரயில் வரைபடம் நிஜ ஊரோட அளவுல வரைஞ்சது இல்ல, அதனால இது கண்ணுக்குத் தெரியாது.

எக்ஸ்போ பக்கத்துலேர்ந்து வர்ற ரயில் பெண்டமியர் தாண்டி ஜாலான் புசார் வந்துடும். அங்கேயே நீங்க சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துலதான் இருக்கீங்க. ஆனா ரயில் அதுக்கப்புறம் பென்கூலன், ஃபோர்ட் கேனிங், சைனாடவுன், தெலுக் ஆயர், டௌன்டவுன், பேஃபிரண்ட், புரொமனாட், புகிஸ், ரோச்சோர்னு நகர மையத்தையே வலம் வந்துட்டுத்தான் லிட்டில் இந்தியாவுக்கு வரும். பத்து நிறுத்தம். சும்மா உட்கார்ந்திருந்தா கிட்டத்தட்ட 20 நிமிஷம். தரை மேல நடந்தா அதுல பாதிதான்.

ஏன் இப்படின்னா, பாதையை மூணு கட்டமா திறந்தாங்க. 2013 டிசம்பர் 22ல புகிஸ்லேர்ந்து சைனாடவுன் வரைக்கும் நகர மையத்து ஆறு நிலையம். 2015 டிசம்பர் 27ல புக்கிட் பாஞ்சாங்லேர்ந்து ரோச்சோர் வரைக்கும் பன்னிரண்டு. லிட்டில் இந்தியா இரண்டு பாதை சந்திக்கிற நிலையமா ஆனது அன்னைக்குத்தான். 2017 அக்டோபர் 21ல ஃபோர்ட் கேனிங்லேர்ந்து எக்ஸ்போ வரை பதினாறு. வடமேற்குலேர்ந்து வர்ற மக்களுக்கும் கிழக்குலேர்ந்து வர்ற மக்களுக்கும் ஒரே பாதையில நகர மையத்தைக் காட்டணும்னா இப்படி வளைச்சே ஆகணும். குறுக்கே போற இடத்துல ஆழமும் அதிகம், பென்கூலன் நிலையம் 43 மீட்டர் ஆழத்துல இருக்கு. எஸ்கலேட்டர்ல இறங்கிக்கிட்டே இருக்கலாம்.

இன்னொண்ணு, யாருக்காவது உதவும். ஒரு நிலையத்து வாசல்ல கார்டைத் தட்டி வெளியே வந்து, 15 நிமிஷத்துக்குள்ள வேற நிலையத்துல தட்டி உள்ளே போனா, கட்டணத்துல அதை ஒரே பயணமா எடுத்துக்கும். 2018 கடைசியில வந்த ஏற்பாடு. எக்ஸ்போ பக்கத்துலேர்ந்து வர்ற ஆள் நியூட்டன் போகணும்னா அந்தச் சுத்து எதுக்கு? ஜாலான் புசார்ல வெளியே வந்து ரோச்சோருக்கு நடந்து ஏறிக்கலாம்.

டன்லப் அக்கா:
மாமா ரயில் கணக்கைச் சரியாச் சொல்லிட்டாரு, நடைக் கணக்கை நான் சொல்றேன். நான் இந்த வட்டாரத்துலயே வளர்ந்தவ.

ஜாலான் புசார் நிலையத்துலேர்ந்து மேல வந்தா டன்லப் தெருவோட ஒரு முனை பக்கத்துலதான். தெருவுக்குள்ள கொஞ்ச தூரத்துலேயே அப்துல் கஃபூர் பள்ளிவாசல், அதோட சூரிய வடிவ அலங்காரத்தை நின்னு பார்க்காம யாரும் போக மாட்டாங்க. அப்படியே நேரா வந்தா சிராங்கூன் சாலை. உங்க ஹோட்டல் இந்தத் தெருவுலேயே இருக்குன்னா லிட்டில் இந்தியா நிலையத்தையே மறந்துடுங்க.

ஆனா தம்பி, பெட்டியோட நடக்கப் போறீங்களா? அதை யோசிச்சீங்களா? கடைவீடுகளுக்கு முன்னாடி ஓடுற ஐந்தடி நடைபாதை பார்க்க அழகு, சக்கரப் பெட்டிக்கு எமன். ஒவ்வொரு கடைவீட்டு வாசலுக்கும் தரை ஒரு உயரம். ஒரு வீட்டுல ஒரு படி ஏறும், அடுத்த வீட்டுல ரெண்டு படி இறங்கும், நடுவுல ஒருத்தர் அரிசி மூட்டை அடுக்கியிருப்பார், இன்னொருத்தர் மோட்டார் சைக்கிளை ஏத்தி நிறுத்தியிருப்பார். ரோட்டுல இறங்கினா பின்னாடி லாரி. ஊர்லேர்ந்து வர்ற அம்மா முறுக்கும் புளியும் மாவடுவும் கட்டிக்கிட்டு வராம இருப்பாங்களா? வர்ற அன்னைக்கு டாக்சி பிடிங்க. ரயில் காட்டுறதை மறுநாள் வச்சுக்கோங்க.

நெல்லைக்காரன்:
மாவடு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு! சரிக்கா, டாக்சிதான். மறுநாளுக்கு எங்கெங்க இறங்கணும்னு சொல்லிடுங்களேன். வீரமாகாளியம்மன் கோயில், பெருமாள் கோயில், முஸ்தஃபா கடை, தேக்கா மார்க்கெட், இவ்வளவுதான் அம்மா பட்டியல்.

டன்லப் அக்கா:
மார்க்கெட்டும் வீரமாகாளியம்மனும் லிட்டில் இந்தியாவுலேர்ந்து. பஃபலோ ரோடு பக்கம் ஏறுற வாசலைப் பிடிங்க, மார்க்கெட் எதிர்லயே நிக்கும். முஸ்தஃபாவும் சீனிவாசப் பெருமாளும் வடகிழக்கு லைன்ல அடுத்த நிலையம், ஃபேரர் பார்க். ஊர்லேர்ந்து வர்றவங்க நிறைய பேர் "லிட்டில் இந்தியா"ன்னு பேரைப் பார்த்து இறங்கி, முஸ்தஃபா வரைக்கும் வெயில்ல நடந்து, அப்புறம் சிங்கப்பூரைத் திட்டுவாங்க.

உங்க ஊர் பேங்க் கார்டையே வாசல்ல தட்டலாம், ஆனா வெளிநாட்டு கார்டுக்கு நாளுக்கு 60 காசு தனியாப் பிடிப்பாங்க. சில நாள் தங்குறவங்கன்னா பணம் போட்டு வச்சுத் தட்டுற ஈசி-லிங்க் பயண கார்டு ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க.

பஃபலோ ரோட்டுல மல்லிகைச் சரத்தை ஈரத்துணி போட்டு மூடி வச்சிருப்பாங்க. அம்மா கண்டிப்பா முழம் போட்டுக் காட்டச் சொல்வாங்க, விலையை ரூபாயில சொல்லிடாதீங்க.

லா மாணவி:
சம்பந்தம் இல்லாம நுழையறேன், மன்னிக்கவும். செங்காங்ல வீடு, புக்கிட் தீமா பக்கம் படிப்பு. தினமும் லிட்டில் இந்தியாவுலதான் ஊதா லைன்லேர்ந்து (வடகிழக்கு) நீல லைனுக்கு (டௌன்டவுன்) மாறுறேன். உண்மையைச் சொன்னா, ரொம்ப காலம் அந்த நிலையத்துக்கு மேல என்ன இருக்குன்னே நான் பார்த்தது இல்ல. மாறுற வழி முழுக்க வாசலுக்கு உள்ளேயே இருக்கு, வெளியே தட்ட வேண்டாம், வானத்தைப் பார்க்க வேண்டாம்.

காலையில வடகிழக்கு லைன்ல ஆறு பெட்டி ரயில் வந்து நிக்கும். அதுலேர்ந்து இறங்குற ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க வலது இடது பார்க்காம நீலப் பலகையைப் பிடிச்சு நடப்பாங்க. அந்தப் பக்கம் காத்திருக்கது மூணே பெட்டி. சீக்கிரம் சீக்கிரம் ரயில் வர்றதால சமாளிக்குது. இந்தக் கூட்டத்துல ஒருத்தர்கூட மார்க்கெட் பக்கம் ஏறி நான் பார்த்தது இல்ல. இரண்டு லைன் சந்திச்சதால தேக்கா வளர்ந்துச்சுன்னு சிலர் சொல்றது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையா இருக்கு.

பொங்கோல் மாமா:
மாணவி சொல்றதுல விஷயம் இருக்கு. வடகிழக்கு லைனும் டௌன்டவுன் லைனும் ரெண்டு இடத்துல சந்திக்குது, லிட்டில் இந்தியா ஒண்ணு, சைனாடவுன் இன்னொண்ணு. ரெண்டுமே பழைய குடியேற்றப் பேட்டை. ஆனா மாறுறவனுக்கு அது பேட்டை இல்ல, ஒரு திருப்பம். நம்ம பக்கத்துலேர்ந்து பேஃபிரண்ட் போறவன் லிட்டில் இந்தியாவுல மாறினா அங்கேர்ந்து நாலு நிறுத்தம். சைனாடவுன் வரைக்கும் போய் மாறினா மூணும் மூணும் ஆறு. அவன் தலைக்குள்ள ஓடுறது இந்தக் கணக்குதான்.

அதுக்காக நிலையத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2003 ஜூன் 20ல வடகிழக்கு லைன் திறந்தப்போ நான் முதல் வண்டி முகப்புல நின்னு சுரங்கத்தைப் பார்த்துக்கிட்டே வந்தவன். ஓட்டுநர் இல்லாத ரயில், முழுக்க நிலத்தடி, அப்போ உலகத்துல இந்த அளவுக்குப் பெரிய ரயில்ல அப்படி எதுவும் இல்ல. இங்க மத்த எம்ஆர்டி லைன் எல்லாம் தண்டவாளத்துக்குப் பக்கத்துல போற மின்தடத்துலேர்ந்து கரண்ட் எடுக்கும். வடகிழக்கு லைன் மட்டும் தலைக்கு மேல கம்பி.

நிலையத்துக்குள்ள எஸ். சந்திரசேகரன் பண்ண கலை வேலைப்பாடு இருக்கு, ஊதா லைன் பக்கம். இலை வடிவத்துல வெட்டின உலோகக் கிராதிகள், நம்ம பூசையறைக் கதவை நினைவுபடுத்தும். நீல லைன் பக்கம் கிரேஸ் டான் பண்ணது, சேலை நெசவை முக்கோணமா உடைச்சுப் போட்ட மாதிரி வண்ணத் தகடுகள். மாணவி, நாளைக்கு மாறும்போது ஒரு ரயிலை விட்டுட்டுப் பாருங்க.

லா மாணவி:
கிராதியைப் பார்த்திருக்கேன் மாமா, காத்தோட்டத்துக்கு வச்சதுன்னு நினைச்சேன் :)

டன்லப் அக்கா:
மாணவியோட பேச்சுல எனக்குக் கோபம் வரல, ஆனா பாதிதான் ஒப்புக்குவேன். நிலையத்தால மார்க்கெட்டுக்கு ஆள் வரலன்னு சொல்ல முடியாது. எதிர்ல கேகே மருத்துவமனை இருக்கு. குழந்தையைக் காட்ட வர்றவங்க, பிரசவம் பார்த்தவங்களுக்குப் பத்தியச் சமையல் பண்ண வெற்றிலை, பூண்டு, சுறா, கருவாடு தேடி வர்ற பாட்டிங்க, இவங்க எல்லாம் ரயில்லதான் வர்றாங்க. சீனப் பாட்டிங்களும் மலாய்ப் பாட்டிங்களும்கூட. தேக்கா மார்க்கெட் இந்தியர் மட்டும் வர்ற இடமா என்னைக்கும் இருந்தது இல்ல.

என் வருத்தம் வேற. மேல இருக்கது மாறிடுச்சு. நிலையம் வந்ததும் கடைவாடகை ஏறிடுச்சுன்னு எல்லாரும் ரயில் மேல பழி போடுறாங்க. நான் அப்படி நினைக்கல. வாடிக்கையாளர் எல்லாம் வேற பேட்டை அடுக்குமாடி புளோக்குல குடியேறிப் போயிட்டாங்க, செங்காங்லயும் உட்லண்ட்ஸ்லயும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்குது. மாசம் ஒரு தடவை சாமான் வாங்க வந்தவங்க இப்போ தீபாவளிக்கு மட்டும் வர்றாங்க. ரயில் இல்லாம இருந்தா அதுக்கும் வந்திருக்க மாட்டாங்க.

கரிமூட்டை:
தேக்கா மார்க்கெட் ஆதியிலேர்ந்தே அந்த இடத்துலதானே இருக்கு? என் தாத்தா அங்க ஆட்டுக்கறிக் கடை வச்சிருந்தாரு.

பொங்கோல் மாமா:
இல்ல தம்பி. உங்க தாத்தா கடை வச்சிருந்தது ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய மார்க்கெட்டா இருக்கும், 1915ல கட்டினது. இப்போ இருக்கிற கட்டடத்துக்கு மாறினது 1982ல. அப்போ அதுக்கு ஜூஜியாவ் சென்டர்னு பேரு வச்சாங்க. மக்கள் யாரும் அப்படிக் கூப்பிடல, 2000ல தேக்கா சென்டர்னு திரும்ப மாத்திட்டாங்க.

இந்த இடத்துப் பழங்கதை நிறைய. ரோச்சோர் ஆறு பக்கத்துல இருந்ததால தண்ணியும் புல்லும் கிடைச்சுது, மாட்டு வியாபாரம் இங்க வேர்விட்டது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு (கெர்பாவ்னா மலாய்ல எருமை) எல்லாம் அந்தக் காலத்து மிச்சம். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு வடக்கே நிஜமாகவே குதிரைப் பந்தயத் திடல் இருந்தது, 1933ல புக்கிட் தீமாவுக்குப் போயிடுச்சு. 1919ல இங்கிலாந்துலேர்ந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித்தோட விமானம் இறங்கினது அந்தத் திடல்லதான். 1942 பிப்ரவரி 17ல பிரிட்டிஷ் படையில இருந்த இந்தியச் சிப்பாய்களை ஜப்பான்காரங்க கையில ஒப்படைச்சதும் அங்கதான், இந்தியத் தேசிய ராணுவத்தோட கதை அங்கேர்ந்து ஆரம்பிக்குது. இப்போ ஃபேரர் பார்க் நிலையத்துல ஏறி இறங்குறவங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்குப் பிடிச்சது இது. நிலப் போக்குவரத்து ஆணையத்தோட தலைமையகம் ஹாம்ப்ஷயர் ரோட்டுல இருக்குல்ல? அது பழைய கேகே மருத்துவமனை வளாகம். 1966ல ஒரே வருஷத்துல 39,835 குழந்தை பிறந்த இடம், கின்னஸ்ல ஏறினது. நானும் அங்க பிறந்தவன்தான். நான் பிறந்த வளாகத்துல உட்கார்ந்துதான் இப்போ ரயில் பாதை போடுறாங்க.

கப்பல் பட்டறை முருகன்:
நான் கிராஞ்சி பக்கம் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியில இருக்கேன். படிச்சுக்கிட்டே வந்தேன், ஒரு விஷயம் சொல்லலாம்னு தோணுச்சு.

நீங்க எல்லாரும் வார நாளைப் பத்திப் பேசுறீங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து பாருங்க. எங்களுக்கு லிட்டில் இந்தியா மாறுற இடம் இல்ல, போய்ச் சேர்ற இடம். முன்னாடி வடக்கு லைன்ல டோபி காட் வரைக்கும் போய் அங்க மாறி வரணும். நீல லைன் வந்தப்புறம் நியூட்டன்ல மாறினா ஒரே நிறுத்தம். துவாஸ்ல இருக்கிற பசங்க புகிஸ் வரைக்கும் வந்து மாறுறாங்க, ரெண்டு நிறுத்தம். பொங்கோல் விடுதிக்காரனுக்கு நேரா ஒரே வண்டி. தனியார் பேருந்தும் இருக்கு, தேக்கா லேன், ஹாம்ப்ஷயர் ரோட்டுலேர்ந்து விடுதிக்குக் கொண்டு விடும். ஆனா அது புறப்படுற நேரத்துக்கு நாம ஓடணும், ரயில்னா நம்ம நேரம்.

பணம் அனுப்புறது இப்போ போன்லயே ஆகிடுது. சாமானும் விடுதிக் கடையில கிடைக்குது. அப்புறம் எதுக்கு வர்றோம்னு கேப்பீங்க. என் தம்பி மவன் துவாஸ்ல, என் ஊர்க்காரன் செங்காங்ல கட்டட வேலையில, மச்சான் மண்டாயில. நாலு பேருக்கும் நாலு மூலை. எல்லாரும் சமமா வந்து சேர்றதுக்கு இந்த இடம்தான் தோது. மார்க்கெட் மாடிப்படி பக்கம் நிப்போம், யாராவது ஒருத்தன் லேட்டா வருவான், அவனை வஞ்சுக்கிட்டே ஒரு தே ஹாலியா (இஞ்சி டீ) குடிப்போம். முடி வெட்டிக்கிட்டு, கோயிலுக்குப் போயிட்டு, வாழையிலையில ஒரு சாப்பாடு. ராத்திரி திரும்ப ரயிலு. ரெண்டு லைன் சேர்ந்ததால யாருக்கு லாபம்னா, எங்களுக்கு லாபம்.

லா மாணவி:
முருகன் அண்ணா, இதை நான் யோசிக்கவே இல்ல. ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பக்கம் வர்றதே இல்ல.

வெளிச்சம்:
ஞாயித்துக்கிழமை கூட்டம்னா எனக்கு 2013 டிசம்பர் 8தான் ஞாபகம் வருது. ரேஸ் கோர்ஸ் ரோட்டுல பேருந்து மோதி ஒருத்தர் இறந்து, அப்புறம் நடந்த கலவரம். கூட்டத்தை விட்டா இப்படித்தான் ஆகும்.

டன்லப் அக்கா:
வெளிச்சம், "விட்டா"ன்னா? அவங்க ஆடு மாடா? அந்த ராத்திரி எனக்கும் நல்லா ஞாபகம் இருக்கு, வீட்டு ஜன்னலைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காலையில தெரு கூட்டினதும் அதே மாதிரி வெளிநாட்டு ஊழியர்கள்தான். அதுக்கப்புறம் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது, 2015ல தனிச் சட்டமே வந்தது. ராத்திரி பத்தரைக்கு மேல பொது இடத்துல குடிக்கக் கூடாதுங்கிறது தீவு முழுக்க இருக்கிற விதி, இந்த வட்டாரத்துக்கும் கேலாங்குக்கும் மட்டும் கெடுபிடி இன்னும் அதிகம். தெருவுல வேலி, விளக்கு, கேமரா, எல்லாம் வந்தாச்சு. பத்து வருஷத்துக்கு மேல ஆகியும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமைப் பேச்சுலயும் அந்த ஒரு ராத்திரியைக் கொண்டு வந்து போடுறது நியாயமா?

மட்டுறுத்துநர்:
நிலையத்தையும் வட்டாரத்தையும் பத்திப் பேசுங்க. கலவரம் பத்தித் தனி இழை ஏற்கெனவே இருக்கு, அங்க தொடருங்க.

கரிமூட்டை:
மாமா சொன்னதை வீட்டுல கேட்டேன். தாத்தா கடை பழைய மார்க்கெட்லதான், ரோட்டுக்கு அந்தப் பக்கம். அப்பா சின்ன வயசுல கறி வெட்டுற கட்டைக்குக் கீழ படுத்துத் தூங்குவாராம்.

நெல்லைக்காரன்:
நான் கேட்டது எங்க இறங்குறதுன்னு. நீங்க ஊரையே காட்டிட்டீங்க. அப்பா மிலிட்டரில இருந்தவர், 1942 கதையைச் சொன்னா ஃபேரர் பார்க்கை விட்டு நகர மாட்டாரு.

ஒரு சந்தேகம். மார்க்கெட்ல மீன் வாங்கிட்டு ரயில்ல பொங்கோல் வரலாமா? அம்மா ஒருநாள் என் அறைக்கு வந்து குழம்பு வைக்கணும்னு நிக்காங்க. ரயில்ல டுரியானுக்குத் தடைன்னு பலகை பார்த்தேன், மீனுக்கு?

பொங்கோல் மாமா:
டுரியானுக்குத்தான் தடை. மீனுக்குத் தடை இல்ல. நான் வாராவாரம் கொண்டு வர்றேன், வண்டியில உட்கார்ந்து சாப்பிடாம இருந்தா சரி.

டன்லப் அக்கா:
கடைக்காரர்கிட்ட ஐஸ் போட்டு ரெண்டு பையாக் கட்டித் தரச் சொல்லுங்க, ஒத்தைப் பைன்னா டோபி காட் பக்கம் போறவங்க எல்லாம் உங்களைத்தான் பார்ப்பாங்க.

பொங்கோல் மாமா:
பொங்கோல் வண்டி டோபி காட் பக்கம் போகாதும்மா, எதிர்ப்பக்கம்.

டன்லப் அக்கா:
சரி மாமா, செங்காங் போறவங்க. தம்பி, திங்கட்கிழமை மட்டும் போயிடாதீங்க, மீன் கடை பாதி மூடியிருக்கும். காலையில எட்டு மணிக்குள்ள போனா வஞ்சிரம் நல்லதா கிடைக்கும், தலையைத் தனியாக் கேட்டு வாங்கிக்கோங்க.